ஒரு தெரு நீளத் துக்க நடை

கெட்சல்தெனாங்கோ
20 ஆகஸ்ட் 1972

சேசு மரி சூசை துணை.

அன்புத் தம்பி அபெலார்தோவுக்கு, அக்கா எதெல்வினா எழுதுவது. வலது முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். அதுவும் மழை நின்றால் சரியாகிவிடும். உன் இருமல் விட்டதா? மெக்சிகோ நகரத்தில் மருந்துக்கடை இல்லாமலா போயிற்று? போய் ஒரு பாட்டில் வாங்கிக் குடி.

உன் அத்தான் லிசான்ட்ரோ காலமானபிறகு வீட்டில் தையல் மெஷினும் நானும்தான். காலையில் தைக்கிறேன். மத்தியானத்தில் கோவிலுக்குப் போய், வியாகுல மாதா சப்பரத்துக்குத் தோள் மெத்தை தைத்துக் கொடுக்கிறேன். அறுபது பெண்கள் சுமக்கிற சப்பரம், அறுபது மெத்தை. சம்பளம் கிடையாது, மரியாதையும் கிடையாது. அம்பாரோ அம்மாள் பெண்கள் சபைக்குத் தலைவியாகி இருக்கிறாள். மெத்தையை ஒவ்வொன்றாகத் தூக்கி மூக்கருகே வைத்துப் பார்க்கிறாள், தையலை மோப்பம் பிடிப்பதுபோல.

எழுதவந்த விஷயத்துக்கு வருகிறேன். வரும் பெரிய வெள்ளியோடு பெண்கள் சபைக்கு ஐம்பது வருஷம். அன்றைய பவனியில் பேண்டு வாசிக்க ஒரு புதுத் துக்க நடை வேண்டுமாம். "உன் தம்பிக்கு எழுது எதெல்வினா. 'மூடிய கதவு' மாதிரி ஒண்ணு போட்டுத் தரச் சொல்லு. இந்த ஊருக்கு அவன விட்டா யாரு இருக்கா?" என்றாள். சரி, எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுதிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னைக் காக்கட்டும்.

உன் அக்கா,
எதெல்வினா


மெக்சிகோ நகரம்
10 செப்டம்பர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் போய்விட்டது. இப்போது பல்வலி. உங்கள் முழங்காலுக்கு ஆல்கஹாலில் ஊறவைத்த மூலிகையைத் தடவிப் பாருங்கள்.

ஓட்டலில் அதே வேலைதான். இரவு எட்டு மணி வரை மரிம்பா வாசிக்கிறோம், ஜனங்கள் கோழிக்கறியைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். வாசிப்பை நிறுத்தினால்கூட யாரும் தலை நிமிர்வதில்லை. போன வாரம் சோதித்துப் பார்த்தோம்.

அதனால் அம்பாரோ அம்மாள் சொன்னதை நாலு தடவை படித்தேன். அவருக்கு நேரடியாகவே எழுதி, சம்மதம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பழையபடி செய்வோம் அக்கா. நீங்கள் மெட்டைப் போட்டு அனுப்புங்கள். நான் பேண்டுக்குப் பாகம் பிரித்து எழுதிப் பிளாசிதோ மாஸ்டருக்கு அனுப்பிவிடுகிறேன். உங்களுக்கு இது ஒரு வாரத்து வேலை. 'மூடிய கதவு' வந்தபோது மூன்றே நாளில் முடித்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்குள் கிடைத்தால் நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தம்பி,
அபெலார்தோ


கெட்சல்தெனாங்கோ
8 அக்டோபர் 1972

அன்புத் தம்பிக்கு,

மூலிகை தடவினேன். வீடெல்லாம் நாறுகிறது, முழங்கால் அப்படியே இருக்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டாயா? வைத்துக்கொண்டு கஷ்டப்படாதே.

என்னைக் கேட்காமல் சம்மதம் சொன்னாயே, கொஞ்சமாவது யோசித்தாயா? பதினேழு வருஷமாகிவிட்டது தம்பி. ஹார்மோனியத்தின் முன் தினமும் அரைமணி நேரம் உட்கார்கிறேன். கால் மிதிக்கிறது, காற்று வருகிறது, அதற்குமேல் ஒன்றும் வருவதில்லை. வந்தாலும் பழைய நடையின் வால்தான். நேற்று ஆத்திரத்தில் மூடியை அடித்துச் சாத்தினேன்.

கோவிலில் எனக்கு வேலை கூடிவிட்டது. சப்பரம் சுமக்கப் பெயர் கொடுக்கிற பெண்களுக்குத் தோள் உயரம் அளக்கிறேன். சமமான தோள்களை ஒரே அணியில் போடாவிட்டால் உயரமானவள் தோளில்தான் பாரம் முழுதும் இறங்கும், உனக்குத் தெரியாததல்ல. இதுகளோ சிநேகிதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகப் பாவாடைக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். "நிமிந்து நில்லுடி, மாதா பாக்குறா" என்று அதட்ட வேண்டியிருக்கிறது.

மூன்று மணிக்கு அளவை நிறுத்திவிட்டு எல்லாரும் முழங்காலில் இருந்து மாதா பிரார்த்தனை சொல்கிறோம். அதில் ஒரு தொல்லை. திரான்சிதோ என்று ஒரு சலவைக்காரி, காது மந்தம். எல்லாரும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று மறுமொழி சொல்லி முடித்தபிறகு தனியாக ஒருமுறை சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும். பக்தியெல்லாம் பறந்துபோகிறது.

மெட்டு வரவில்லை. அம்பாரோ அம்மாளுக்கு நீயே சொல்லிவிடு.

அக்கா எதெல்வினா


மெக்சிகோ நகரம்
29 அக்டோபர் 1972

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. இப்போது சிரித்தால் ஜன்னல் திறந்தமாதிரி இருக்கிறது.

வரவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அம்பாரோ அம்மாள் எனக்கு நன்றிக் கடிதமே எழுதிவிட்டார். சாமியார் பூசைப் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னாராமே, நீங்கள் எழுதவே இல்லையே? அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் மரிம்பா வாசிக்கப் போகிறேன்.

நாள் முழுக்க மாதா காலடியில் இருப்பவர் நீங்கள். நானா? கோவிலுக்குப் போயே எட்டு மாதமாகிறது. நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உங்களுக்குத் தராமல் வேறு யாருக்குத் தரப்போகிறார்?

கல்லறைத் திருநாளுக்கு ஃபியாம்ப்ரே செய்வீர்கள் அல்லவா? இங்கே அதைச் சொன்னால், குளிர்ந்த கறியும் காயும் கலந்து யாராவது தின்பார்களா என்று சிரிக்கிறார்கள்.

தங்கள் தம்பி,
அபெலார்தோ


கெட்சல்தெனாங்கோ
3 டிசம்பர் 1972

அன்புத் தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலைப்பற்றி நினைக்கவே நேரமில்லை. நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

வந்துவிட்டது.

நீ சொன்னபடி கேட்டுப் பார்த்தேன். இரண்டு வாரம் தினமும் கேட்டேன். கடைக்காரனிடம் நச்சரிப்பதுபோல இருந்தது, எனக்கே வெட்கமாகிவிட்டது. பிறகு கேட்பதை விட்டுவிட்டு, அளக்க வந்த பெண்களுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். அவர்கள் நிற்கும்போது ஏதாவது சொல்வார்கள். ஒருத்தியின் மகன் கரும்பு வெட்டப் போனவன் திரும்பவில்லை. ஒருத்திக்கு மார்பில் கட்டி. ஒருத்தி அளவுகோலின்மேல் தோளைச் சாய்த்து அப்படியே நின்றுவிட்டாள். மூன்று மணிப் பிரார்த்தனையில் அவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அப்படி முழங்காலில் இருந்தபோது, திரான்சிதோவுக்காகவும் வேண்டிக்கொள்வோமே என்று தோன்றியது. எரிச்சல்பட்ட பாவம் போகட்டும் என்றுதான். எல்லாரும் சொல்லி முடித்தார்கள். அவள் குரல் பிந்தி வந்தது. முதல் தடவையாக அதை நான் கேட்டேன், தம்பி. அறுபது பேர் இறக்கிவைத்த பாரத்தை ஒருத்தி மட்டும் இன்னும் சுமந்துகொண்டு வருவதுபோல இருந்தது. மெட்டும் அப்படியே வந்தது: பேண்டு முழுதும் வாசித்து அடங்கியதும் ஒற்றை ட்ராம்போன் அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறது. மறுபடியும் பேண்டு, மறுபடியும் அது. கடைசியில் பேண்டு ஓய்ந்துபோகிறது, அது மட்டும் முடிக்கிறது. அளவுகோலின் பின்பக்கத்தில் கரித்துண்டால் சுரங்களைக் குறித்தேன். அழுதேன். அளவுக்கு வந்தவர்கள் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

ஐந்து நாளில் முடித்துவிட்டேன். கையில் கனத்துக்குக் கல் கட்டிய கூடையோடு, சப்பரம் போகிற மாதிரி ஆடி ஆடித் தெருவில் நடந்து பார்த்தேன். மெட்டுத் தொடங்கி முடிய, சரியாக ஒரு தெருமுனையிலிருந்து அடுத்த தெருமுனை. எதிர்வீட்டார் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்கிறார்கள். நடைக்குப் பெயர் 'மறுமொழி'. இதை என்னுடையது என்று சொல்லவே கூசுகிறது. கொடுக்கப்பட்டதை வாங்கி எழுதினேன், அவ்வளவுதான்.

தாள்கள் இதனுடன் இருக்கின்றன. மேலே வலது மூலையில் எழுதியவர் பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து. தமாலுக்குச் சோளமாவை இலையில் சுற்றும்போது உன்னை நினைத்துக்கொள்வேன்.

அக்கா எதெல்வினா


மெக்சிகோ நகரம்
7 ஜனவரி 1973

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷ வாழ்த்து. நான் சுகம், குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது.

தாள்களைப் பிரித்து, ஓட்டல் சமையலறையில் நின்றபடியே படித்தேன். சூப் கொண்டுபோகிறவன் வழியை விடு என்று கத்தினான், காதில் விழவில்லை. நீங்கள் எழுதியதிலேயே இதுதான் உயர்ந்தது. அந்த ட்ராம்போன் வருகிற இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாகம் பிரித்துப் பிளாசிதோ மாஸ்டருக்கு அனுப்பிவிட்டேன். நடுவில் ட்ரம்பெட்டுக்குப் பதினாறு தாளக்கட்டு நான் சேர்த்திருக்கிறேன். ஐம்பதாவது வருஷம் அல்லவா, கொஞ்சம் கம்பீரம் வேண்டும்.

பெயர் விஷயம். என்னுடையது என்று சொல்லக் கூசுகிறது, கொடுக்கப்பட்டது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஆண்டவர் கொடுத்ததற்கு யார் பெயர் இருந்தால் என்ன அக்கா? ஊரும் என்னிடம்தான் கேட்டது. அதனால் என் பெயரிலேயே அனுப்பினேன். இங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது. மரிம்பாக்காரன் என்பார்கள், அதுவும் கூப்பிட வேண்டியிருந்தால். வருஷத்தில் ஒருநாள், நம் ஊர்த் தெருவில், யாரோ ஒருவர் 'இது அபெலார்தோவோடது' என்று சொல்வார்கள் என்பதை நினைத்துக்கொண்டுதான் மற்ற நாட்களைத் தள்ளுகிறேன்.

நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.

தங்கள் தம்பி,
அபெலார்தோ


கெட்சல்தெனாங்கோ
25 பிப்ரவரி 1973

தம்பி அபெலார்தோவுக்கு,

நலமாக இரு. நான் இருக்கிறேன்.

பதில் எழுத ஒன்றரை மாதமாகிவிட்டது. நோய் ஒன்றுமில்லை. உன் கடிதத்தைக் கோவிலுக்கு எடுத்துப்போய், பெயருக்கு ஆசைப்படுவது பாவமா என்று மாதாவிடம் தினமும் கேட்டேன். பாவம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடமும் கேட்டேன். "ஒங்க பேர எழுதுறது பாவம்னா, ஞானஸ்நானப் புத்தகத்துல நான் எதுக்கு எழுதுறேன்?" என்றார். அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆண்டவர் கொடுத்ததற்கு யார் பெயர் இருந்தால் என்ன என்கிறாய். அப்படியானால் ஆண்டவர் பெயரைப் போட்டிருக்கலாமே? உன் பெயரை ஏன் போட்டாய்?

'மூடிய கதவு' வேறு. அன்று உனக்கு இருபத்திரண்டு வயது, வேலை கிடையாது. ஒரு பெயர் இருந்தால் பேண்டில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். சேர்த்தார்கள். அதை நீ திருடவில்லை, நான் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. இதை நான் கொடுக்கவில்லை தம்பி. எனக்கு நாற்பத்தேழு வயது. இன்னொன்று வருமோ வராதோ.

உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. படித்து அழுதேன். இருந்தாலும் கேட்கிறேன். மாஸ்டருக்கு எழுதி மாற்று. அடுத்த மாதக் கடைசியில் பவனித் தாள் அச்சுக்குப் போகிறது.

எதெல்வினா


கெட்சல்தெனாங்கோ
18 மார்ச் 1973

தம்பி அபெலார்தோவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? அதையாவது ஒரு வரி எழுது.

நேற்று ஒத்திகை. மாதா சுரூபத்துக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றிச் சப்பரத்தைத் தெருவில் தூக்கினோம். நானும் தூக்கினேன், எட்டாவது அணி, இடது வரிசை. அறுபது பெண்களும் தெருமுனைக்கு வந்து சேர்ந்தோம். அடுத்த அணி தோள் கொடுக்கத் தயாராக நிற்கிறது. பேண்டு நிறுத்தவில்லை. ட்ரம்பெட் முழங்குகிறது. நடை முடியாமல் தோள் மாற்றக்கூடாது என்பது நம் வழக்கம், எவளும் அசையவில்லை. நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தோம். என் முன்னால் இருந்தவளுக்கு, மார்பில் கட்டி என்று எழுதினேனே அவளுக்கு, கால் நடுங்கியது. நல்லவேளை, விழவில்லை.

உன் பதினாறு தாளக்கட்டு.

மாஸ்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒன் தம்பிக்கு எழுதிக் கேக்கணும், எதை வெட்டுறதுன்னு" என்றார். நான் பென்சிலைக் கேட்டேன். எல்லாருடைய தாளிலும் அந்த இடத்தை நானே அடித்தேன். மறுபடி வாசித்தார்கள், தூக்கினோம். ட்ராம்போன் கடைசிச் சுரத்தை விடும்போது முன்வரிசையின் கால் தெருமுனைக் கல்லைத் தொட்டது. மாஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நடந்து பாத்துத்தானே எழுதினேன்" என்றேன்.

பெண்கள் எல்லாருக்கும் கேட்டது. அம்பாரோ அம்மாள், பாவம் எதெல்வினாவுக்கு முழங்கால் வலி தலைக்கு ஏறிவிட்டது என்றாள். சிலர் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதியவர் கைப்பட எழுதிக்கொடுத்த பெயரை, அவர் சொல்லாமல் மாற்ற முடியாது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இனி நான் கேட்கமாட்டேன். பெரிய வெள்ளிக்கு இன்னும் முப்பத்துமூன்று நாள்.

எதெல்வினா


மெக்சிகோ நகரம்
5 ஏப்ரல் 1973

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். முழங்காலோடு இவ்வளவு பாரம் தூக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, அந்தத் தெருவை மனதில் நடந்து பார்த்தேன். ரொட்டிக்கடைக்கு அடுத்து என்ன வரும் என்று நினைவில்லை. பதினாறு தாளக்கட்டைச் சேர்த்தபோது, பெண்கள் தோளில் பாரத்தோடு நிற்பார்கள் என்றே தோன்றவில்லை. மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் போடுவதுபோலப் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குக் கால் சரியாகிவிட்டதா?

மாஸ்டருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். வேறு விசேஷம் இல்லை. இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அபெலார்தோ


கெட்சல்தெனாங்கோ
23 ஏப்ரல் 1973

அன்புத் தம்பிக்கு,

பாஸ்குத் திருநாள் வாழ்த்து. என்னால் எழுந்து நிற்க முடியவில்லை, கட்டிலில் இருந்தபடி எழுதுகிறேன். பயப்படாதே, அது வெறும் முழங்கால். அந்தப் பெண் நன்றாக இருக்கிறாள், கடைசி அணியிலும் போய்த் தோள் கொடுத்தாள்.

உன் கடிதத்தில் பெயரைப்பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாஸ்டரும் வாயே திறக்கவில்லை. அச்சடித்த பவனித் தாளில் 'மறுமொழி - அபெலார்தோ ஒவாயே' என்றுதான் இருந்தது. சரி, போகட்டும் என்று கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். மனதில் ஆறவில்லை, பொய் சொல்லமாட்டேன்.

எட்டாவது அணி தோள் கொடுத்தோம். புது நடையை வாசிக்கும் முன் மாஸ்டர் தெருமுனையில் நின்று பெயர் சொல்வாரே, அதற்காக எல்லாரும் அடங்கினார்கள். "தாள்ல இருக்கிறது தப்பு. 'மறுமொழி'ய எழுதினவங்க எதெல்வினா ஒவாயே" என்றார். எனக்குக் கைகள் இரண்டும் சப்பரத்தடியில். கண்ணைத் துடைக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் தோளால் என் தோளை இடித்தாள். பிறகு பேண்டு தொடங்கியது, நடந்தோம். திரான்சிதோ ஓரத்தில் மெழுகுவர்த்தியோடு நின்றாள். அவளுக்குக் கேட்டதோ இல்லையோ, தெரியாது.

நடை முடிந்தது, தோள் மாற்றினோம். பெரிய தெருவில் 'மூடிய கதவு' வந்தது. பழைய நடைக்கு யாரும் பெயர் சொல்வதில்லை. மாஸ்டர் கையைத் தூக்கிப் பேண்டை நிறுத்தினார். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். "இதுவும் அவங்க எழுதினதுதான். பதினெட்டு வருஷமா நாம தப்பாச் சொல்லிட்டிருக்கோம். அபெலார்தோவே எழுதி, தெருவில நின்னு சொல்லணும்னு கேட்டிருக்கான்" என்றார்.

இதை நான் கேட்கவில்லையே, தம்பி. ஒன்றைத்தானே கேட்டேன். உனக்கு இங்கே என்ன மிச்சம் வைத்துக்கொண்டாய்? தெருவோரமாக உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, சின்னப் பிள்ளைபோல அழுதேன்.

அம்பாரோ அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. என் பக்கத்தில் வந்து குனிந்து, "ரெண்டும் ஒன்னோடதுன்னா, ஒன் தம்பி எதத்தான் எழுதினான்?" என்று கேட்டாள்.

மாஸ்டர் கையில் இருந்த தாளைக் காட்டினேன்.

"அந்தக் கடுதாசிய" என்றேன்.

உன் அக்கா,
எதெல்வினா